வெள்ளையடிக்கும் முன்

திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டி, மலைக்கோட்டையைப் பார்த்தபடி நிற்கிறது லூர்து மாதா கோயில். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரியை 1883-ல் இங்கே கொண்டுவந்த சேசு சபையார், பிரான்சின் லூர்து நகர ஆலயத்தை மாதிரியாகக் கொண்டு 1890-களில் இதை எழுப்பினார்கள். உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். எழுத்தறிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில், மறைநூல் கதையை மக்கள் கண்ணாலேயே படித்துக்கொள்ள இவை உதவின.

திருச்சியில் கண்ணாடி செய்த வேலையை மங்களூரில் சுவர் செய்தது. அங்கே புனித அலோசியஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில், இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைச் சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனி 1899-ல் தூரிகையைக் கையில் எடுத்தார். சுமார் இரண்டே ஆண்டுகளில் சுவர், விதானம் எல்லாம் ஓவியமாயின. பிரபுப் பட்டத்தைத் துறந்து, கொள்ளைநோய் கண்டவர்களுக்குத் தொண்டு செய்து 1591-ல் ரோமில் மறைந்த இளம் துறவி அலோசியஸின் வாழ்க்கையை அந்த விதானத்தில் அண்ணாந்து பார்க்கலாம். அதை வரைந்தவரும் இந்த மண்ணிலேயே, கொச்சியில், 1905-ல் கண்மூடினார்.

அவர் சுவரில் கையாண்ட முறை கடினமானது. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டிவிட வேண்டும். அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் சாந்து பூசுவார்கள். சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகும்போது வண்ணமும் அதற்குள் சிறைப்படுகிறது. பிறகு சுவர் வேறு, சித்திரம் வேறு என்று பிரிக்க முடியாது. சுவர் நோய்ப்பட்டால் சித்திரமும் நோய்ப்படும்.

மீண்டும் திருச்சிக்கு வந்து காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கத்திலும் இதே கவலைதான். வேணுகோபாலன் சன்னதியில் உள்ள நாயக்கர் கால ஓவியங்கள் மங்கியும் உதிர்ந்தும் கிடக்கின்றன. மதம் வேறு, முறை வேறு, பகை ஒன்று. மழைநீர்க் கசிவும் விளக்குப் புகையும் மெல்ல அரிக்கின்றன. அவற்றைவிட வேகமாக அழிப்பது நம் பக்திதான். திருவிழா வந்தால் வெள்ளையடிக்கிறோம், குடமுழுக்கு வந்தால் பளபளக்கும் எனாமல் பூசுகிறோம், விரிசல் கண்டால் சிமெண்டால் அடைக்கிறோம். சுண்ணாம்புச் சுவரின் மூச்சு அடைபடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் உப்பாகப் பூத்து, வண்ணத்தைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடுகிறது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சாமிக்குச் செய்வது புதிதாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். புதுப் பூச்சுக்கு உபயதாரர் கிடைக்கிறார். பழைய வண்ணத்தை உதிராமல் நிறுத்தும் வேலைக்குக் கிடைப்பதில்லை, ஏனென்றால் அது செய்தது தெரியாமல் இருந்தால்தான் நன்றாகச் செய்ததாகப் பொருள்.

நாம் நினைத்தால் முடியும். மங்களூர் ஓவியங்களை 1990-களின் தொடக்கத்தில் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் வல்லுநர்கள் பொறுமையாக மீட்டெடுத்தார்கள். மரபுமுறைத் திருப்பணிக்காக ஸ்ரீரங்கம் கோயில் 2017-ல் யுனெஸ்கோ விருது பெற்றது.

பங்குப் பேரவையில் இருப்பவர்களுக்கும் திருப்பணிக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரே வேண்டுகோள்: உங்கள் கோயில் சுவரில் வாளியும் மட்டையும் படுவதற்கு முன், பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறிந்தவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழித்த ஓவியத்தை எந்த உபயமும் திரும்பக் கொண்டுவராது.