அடங்கிய கண்

வெள்ளைச் சொட்டு மருந்து. குலுக்கித்தான் விட வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடுகிறது.

இமை மூடுகிறது. லேசான எரிச்சல். சற்றுக் கழித்துத் தொண்டையில் கசப்பு.

*

திண்டுக்கல். காலை வெயில் மலைக்கோட்டையின் மேல் ஏறுகிறது.

ஒரு கண்ணுக்குப் பாறை தெரிகிறது. வெடிப்பும் கறையும் மதில் வரிசையும் தெரிகின்றன. மற்றக் கண்ணுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. அதற்கு விளிம்பு இல்லை.

*

புரை. வயதால் வந்ததல்ல. நெடுநாள் உள்ளே அழன்ற கண்ணில் விழுந்தது. யுவியைட்டிஸ் என்று சீட்டில் எழுதியிருக்கிறது.

அழற்சியும் புரையைத் தருகிறது. அழற்சியை ஆற்றும் ஸ்டீராய்டும் புரையைத் தருகிறது.

எதனால் எவ்வளவு என்று பிரிக்க முடிவதில்லை. மனம் மட்டும் பிரித்துப் பார்க்கிறது. பிறகு விட்டுவிடுகிறது.

*

கண் அடங்கி மூன்று மாதமாவது ஆக வேண்டும். அதன் பிறகே ஆபரேஷன்.

தாடையைத் தாங்கியில் வைத்தாயிற்று. இருட்டு அறை. வெளிச்சக் கீற்று கண்ணுக்குள் நுழைகிறது. அந்தக் கீற்றில் மிதக்கும் அழற்சி அணுக்களை டாக்டர் எண்ணுகிறார்.

எதுவும் மிதக்காத நாளில் கணக்கு தொடங்குகிறது. நடுவில் ஒரு முறை சிவந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

மூச்சு வருகிறது. போகிறது.

*

பக்கத்து நாற்காலியில் நிலக்கோட்டைப் பக்கத்து அம்மா. மல்லிகை பறிப்பவர். அரும்பு எது, விரிந்தது எது என்று விரலே சொல்லிவிடுமாம். சொல்லும்போது விரல்கள் காற்றில் கொஞ்சம் அசைகின்றன.

மின்விசிறி. யாரோ இருமுகிறார்கள். டோக்கன் எண் ஒலிக்கிறது. நம்முடையது அல்ல.

*

மதுரை, 1993. மழை, வெள்ளம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர். வெடித்த குதிகால் வழியாக, கீறல் வழியாக லெப்டோஸ்பைரா கிருமி உடம்புக்குள் போகிறது. முதலில் காய்ச்சல். அது போன பின், வாரங்களோ மாதங்களோ கழித்து, கண் சிவக்கிறது.

அரவிந்த் கண் மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் உடனிருந்தவர்களும் அந்தக் கண்களைப் பார்க்கிறார்கள். 1997-இல் கட்டுரை வருகிறது. அதில் 73 பேர்.

இந்த வகையில் புரை வேகமாக முற்றுவதும் உண்டு. ஆனாலும் பலருக்குப் பார்வை நன்றாகவே திரும்புகிறது. அவ்வளவு சிவந்த கண் இப்படித் தேறும் என்று தோன்றாது. தேறுகிறது.

திண்டுக்கல் சமவெளியிலும் நாற்று நடுகிறார்கள். முழங்கால் வரை சேறு. வெறுங்கால்.

*

டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணியவர். அதுவும் அழற்சிதான், மூட்டில். அந்த விரல்களால் ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன். அரவிந்த் மருத்துவமனையை அவர் 1976-இல் 11 படுக்கையோடு தொடங்குகிறார்.

விரல்களை நினைக்கையில் உள்ளங்கை தானாக விரிகிறது.

*

அழன்ற கண்ணில் கண்மணி வட்டமாக இருப்பதில்லை. கருவிழித் திரை பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒட்டியதைப் பிரிக்கிறார்கள். மெல்லிய கொக்கிகளால் விரித்துப் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகே புரை.

மேலே பெரிய வெளிச்சம். வலி இல்லை. அழுத்தம் மட்டும். தண்ணீர் ஓடும் சத்தம். யாரோ மெதுவாகப் பேசுகிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கண்களுக்குச் செயற்கை லென்ஸ் வைக்கவே யோசித்தார்கள். இப்போது அக்ரிலிக் லென்ஸ் வைக்கிறார்கள். மூட்டுவாதம் உள்ள சிறு பிள்ளைகளின் கண்ணில் இன்னும் தயங்குகிறார்கள்.

அந்தத் தயக்கம் நல்லது என்றே படுகிறது.

*

கட்டு பிரிகிறது.

வெள்ளை. பிறகு நீலம். இத்தனை நீலமா.

சுவரில் எழுத்துப் பலகை. மேல் வரி வருகிறது. அடுத்ததும் வருகிறது. கீழே இருப்பவை வருவதில்லை.

புரை மறைத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிகிறது. விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருந்தாலோ நரம்பு வெளிறியிருந்தாலோ, லென்ஸ் எவ்வளவு தெளிவாக இருந்தும் எழுத்து கூடுவதில்லை. ஃபுக்ஸ் வகை அழற்சி என்றால் பெரும்பாலும் நல்ல பார்வை. பெசெட் நோய் என்றால் அப்படிச் சொல்வதற்கில்லை. கத்தி ஒன்றே. கண்கள் வேறு.

*

பஸ் ஸ்டாண்ட். பூக்கூடைகள். வெயில் கூசுகிறது. கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாம் தணிந்த நிறம்.

பூட்டுக் கடைப் பலகை. படிக்க முடிகிறதா என்று கண் பார்க்கிறது. முடிந்ததும் அடுத்த பலகைக்குப் போகிறது.

*

லென்ஸைத் தாங்கும் பின்சவ்வு பிறகு மங்கலாம். அழற்சி இருந்த கண்ணில் அது சீக்கிரமே வரும். யாக் லேசரால் அதில் சிறு திறப்பு போடுவார்கள். நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. அதற்கும் கண் அடங்கியிருக்க வேண்டும்.