பிறர் உண்கலமும் நமது சீலமும்

ஒருவர் உண்ணும் உணவைக்கொண்டு அவருடைய தகுதியை அளந்துவிடலாமோ? ஐதராபாத் நகரைக் கருதுந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது. அந்நகரின் உசேன் சாகர் ஏரி நடுவே, 1992ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பகவன் புத்தரின் கற்சிலை அபயகரம் காட்டி நிற்கின்றது. அந்நகரத்துப் பல்கலைக்கழகங்களை நாடி நைஜீரியா முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர்களும் வருகின்றனர். ‘இவர்கள் எதைத்தான் தின்பார்களோ!’ என்னும் அருவருப்பு, நம் நாட்டு நகரங்களில் இத்தகையோருக்கு வாடகை வீடும் அரிதாகும்படி செய்கின்றது. 2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்மீது நரமாமிசம் உண்போர் என்னும் பொய்ப்பழி சுமத்தப்பட்டது. ஆப்பிரிக்க மாணவர்கள் கும்பலால் தாக்கவும்பட்டனர்.

மீனும் இறைச்சியும் அவர்கள் உண்பது மெய்யே. ஆயினும் அவர்கள் அடுக்களையில் மரக்கறி உணவும் மிகுதியாக உண்டு. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயமும் மிளகாயும் கூட்டி அரைத்து, எண்ணெயிற் பொரித்தெடுப்பது ‘அக்காரா’. அம்மாவையே இலையிற் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் ‘மொய்-மொய்’. இதனுள் மீனோ முட்டையோ இடுவாரும் உளர், இடாதாரும் உளர். ஐதராபாத்தின் தெலுங்கு இல்லங்களில் பொப்பர்ல காரெலு என்று சுடும் வடையும் அக்காராவும் உடன்பிறப்புகளே. காராமணி மேற்கு ஆப்பிரிக்க மண்ணிற் பயிராக்கப்பெற்று, பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாடு வந்து சேர்ந்தது. அவர்கள் தந்த பயற்றை உண்டுகொண்டே அவர்கள் உணவை இகழ்தல் அறியாமையன்றோ?

அவர்களிடம் மரக்கறி உணவே இல்லையெனினும் நம் இகழ்ச்சி அறமாகிவிடாது. பிக்குகள் மீனும் இறைச்சியும் அறவே விலக்கவேண்டுமெனத் தேவதத்தன் வேண்டியபோது, பகவன் அதனைக் கட்டாய விதியாக்க இசையவில்லை என்று விநயபிடகம் கூறுகின்றது. தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத உணவை ஏற்கலாமென்றார். மகாயானத்தின் லங்காவதார சூத்திரமோ புலாலை முற்றும் விலக்குகின்றது. இரண்டனுள் எதனைப் பின்பற்றினும், புலால் மறுத்தல் நம்மை நாம் அடக்கியாளும் பயிற்சி. பிறரை விலக்கி வைக்கும் வேலியாகாது.

இதனை நாம் மறத்தல் தகாது. புத்தநெறியினரும் மாட்டிறைச்சியை விடாதவருமாகிய மக்களே தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டனர் என்பது, டாக்டர் அம்பேத்கர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் நாட்டிய முடிபு. உண்கலத்தைப் பார்த்து ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்தோர் நம்மிடையே பலர். அந்த அளவுகோலை நாமே கையிலெடுத்து மற்றொருவர்மேல் வைக்கலாமோ?

ஆதலின் அன்பர்களே, அயல்நாட்டு மாணவர் ஒருவர் நம்மை விருந்துக்கு அழைப்பின் மனமுவந்து செல்வோமாக. புலால் கலந்ததாயின், “இந்நோன்பு எமக்குளது” என்று பணிவுடன் கூறி, கலவாததைக் கேட்டு உண்போமாக. நம் கலத்தில் உயிர்க்கொலை இல்லாமை நன்று. நம் உள்ளத்தில் வெறுப்பு இல்லாமை அதனினும் நன்று.