குப்பைமேடு கற்பிக்கும் ஞானப் பாடம்



துன்பம் வரும்போது, "எல்லாம் சர்வேசுரனுடைய சித்தம்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். வியாதியிலும் சாவிலும் எத்தனையோ ஆத்துமாக்களை அந்த வார்த்தை தாங்கியிருக்கிறது. ஆனால் அதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லலாகாது என்பதையும் கிறீஸ்தவன் அறிந்திருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளத் தூர தேசம் போகவேண்டியதில்லை. நமது கொடுங்கையூரே போதும்.

இங்குள்ள குப்பைக் கிடங்கின் பரப்பு ஏறக்குறைய 340 ஏக்கர். வட சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. தேங்கிய பழைய குப்பை 66 லட்சம் டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டு, அதைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். மேடு தீப்பற்றிப் புகையும் நாளில் அக்கம்பக்கத்தார் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். ஜன்னலைச் சாத்தினாலும் நாற்றம் உள்ளே நுழையும், குழந்தை இரவெல்லாம் இருமும், தாய் விழித்திருப்பாள்.

அந்தத் தாயிடம் போய், "இது ஆண்டவர் அனுப்பிய சிலுவை, பொறுமையாய்ச் சுமந்துகொள்" என்று சொல்லலாமா? சற்று யோசியுங்கள். அந்தப் புகையை அனுப்பியது யார்? நேற்று நம் வாசலில் வைத்த கூடையும் அந்த மேட்டில்தானே சேர்ந்திருக்கிறது!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. காற்றும் மழையும் மனிதன் கையில் இல்லை. ஆனால் அந்த வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய் வானத்திலிருந்து பெய்ததல்ல. வலைகளும் படகுகளும் கறுத்துப்போயின. மீனவர்களே வாளிகொண்டு அதை அள்ளினார்கள். ஒரே வாரத்தில் வந்த இரண்டு துன்பங்களில் ஒன்று இயற்கையால் வந்தது. மற்றொன்று மனிதர் செயலால் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிச் சர்வேசுரன்மேல் போடுவது பக்தியாகாது.

வேதாகமத்தில் யோப் என்னும் நீதிமானைப் பாருங்கள். சொத்தும் மக்களும் போய், உடலெல்லாம் புண்ணாகி, அவர் உட்கார்ந்த இடமும் குப்பைமேடுதான். பார்க்க வந்த சிநேகிதர் மூவரும் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தார்கள். அது நல்ல காரியம். பிறகு வாய் திறந்தார்கள். அவருடைய துன்பத்துக்குக் காரணமும் பாடமும் சொல்லத் தொடங்கினார்கள். முடிவில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது யோப்பின்மேல் அல்ல, அந்தச் சிநேகிதர்மேல்தான்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

"அப்படியானால் அந்தத் தாய் தன் துன்பத்தை ஒப்புக்கொடுக்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாய் ஒப்புக்கொடுக்கலாம்; அது வீண்போகாது. நமது திவ்விய இரட்சகர் சுமந்த சிலுவையும் மனிதரின் அநீதி செய்த சிலுவையே. அதைக்கொண்டு அவர் உலகை மீட்டார். ஆனால் அதனால் பிலாத்து நீதிமானாகிவிடவில்லை. கையைக் கழுவியும் அவன் குற்றம் நீங்கவில்லை. ஆகையால் ஜெபமாலை சொல்லும் அதே கை, நியாயம் கேட்டு அயலார் கையோடு சேரவும் தடையில்லை. குப்பை எரிக்கும் ஆலைத் திட்டம் வேண்டாமென்று 2025-ல் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலியாய் நின்றது நினைவிருக்கும். பொறுமை வேறு, அநீதிக்கு உடன்படுவது வேறு.

ஆகவே என் துன்பத்தில் நான் கற்க வேண்டியது பொறுமை. பிறர் துன்பத்தில் நான் கற்க வேண்டியது என் கடமை. இவ்விரண்டையும் மாற்றிக்கொள்ளும்போதுதான் நமது விசுவாசம் வெறும் பேச்சாகிறது.

அந்தக் கடமை எங்கே தொடங்குகிறது? நம் அடுப்பங்கரையில். ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரைப் போஷித்த சேசுநாதர், மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அப்பத்தைப் பெருக்க வல்லவரே ஒரு துண்டையும் எறியவில்லை! பொருளை எறியப் பழகிய கை மனிதரையும் எறியத் துணியும் என்பதை உணர்ந்தே, பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய சுற்றுமடலில் இந்த எறியும் பழக்கத்தைக் கண்டித்தார்.

உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றித் தனியே வைக்கிறீர்களா? அந்தக் கூடையில் கைவிடப்போகிறவர் ஒருவர் இருக்கிறார். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்கிறீர்களா? பிரிக்காமல் விட்டதை வேறொருவர் வெயிலில் குனிந்து பிரிப்பார். வாசலில் வந்து நிற்கும் தூய்மைப் பணியாளருக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறீர்களா, மூக்கைப் பொத்துகிறீர்களா?

இன்றிரவு குடும்ப ஜெபத்துக்குப்பின் ஆத்தும சோதனை செய்கையில், இந்தக் கேள்விகளையும் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். எளியவனைக் குப்பைமேட்டிலிருந்து தூக்கி உயர்த்துகிறவர் நம் ஆண்டவர் என்று சங்கீதத்தில் வாசிக்கிறோம். அவர் தூக்குகிற இடத்தில் நாமும் ஒரு கை கொடுப்போமாக.