பேரப்பிள்ளை எடுத்த வயதில் படிப்பா?

 



நான் செய்த ஒரு பிழையை உங்களிடம் ஒப்புக்கொண்டு இந்தப் பேச்சை ஆரம்பிக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள், திண்டுக்கல் பேகம்பூரில் அஸர் தொழுகை முடிந்து ஹவுளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பூட்டு வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "ஹஜ்ரத், வீட்டிலே ஒரு பேச்சு நடக்குது. என் சம்சாரம் இருபது வருஷத்துக்கு முன்னாலே தபால் வழியிலே தமிழ் எம்.ஏ. முடிச்சவ. மூத்த மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு, பேரனும் பிறந்தாச்சு. இப்போ நம்ம புலவர்கள் பாடின கிதாபுகளை ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கணும்கிறா. மார்க்கத்திலே இதுக்கு இடம் உண்டா?" என்று கேட்டார்.

நான் ஒரு கிதாபையும் புரட்டவில்லை. அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பேரப்பிள்ளை எடுத்த வயதில் படிப்பு எதற்கு அண்ணே? தஸ்பீஹை எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

அன்று இரவு, மறுநாள் பாடத்துக்காக ஸஹீஹுல் புகாரியில் கல்வியைப் பற்றிய பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமைப் பொறுப்பு வந்து சேருமுன்பே ஞானத்தைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அங்கே எடுத்தெழுதுகிறார்கள். அதோடு விட்டுவிடவில்லை. பொறுப்பு வந்த பிறகும் தேட வேண்டியதுதான், நாயகத்தின் தோழர்கள் முதிய வயதில் கற்றவர்கள்தாம் என்று தம் பங்குக்கும் சேர்க்கிறார்கள்.

எத்தனையோ முறை ஓதிக்கொடுத்த இடம் அது. அன்றுதான் என் நெஞ்சில் தைத்தது. ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் ஈமான் கொண்டபோது நாற்பதை நெருங்கியிருந்தார்கள். அதன் பிறகல்லவா அவர்கள் திருக்குர்ஆனைக் கற்றார்கள்! "இந்த வயதில் எதற்கு?" என்ற கேள்விக்கு ஸஹாபாப் பெருமக்கள் செவி சாய்த்திருந்தால் இந்தத் தீன் நம் கைக்கு எப்படி வந்திருக்கும்?

பூட்டுக்காரர் இமாம் ஆனார்

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் பூட்டுத் தொழிலிலிருந்து எழுந்த ஒரு மாபெரும் இமாமை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வு நகரத்தில் வாழ்ந்தவர்கள் இமாம் அபூபக்கர் அல்-கஃப்பால் (ரஹ்) அவர்கள். கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர் என்று பொருள். சாவியோடு சேர்த்து நாலைந்து தானிய மணி எடைக்குமேல் போகாத பூட்டைச் செய்யும் அளவுக்குக் கைத்திறன் உள்ளவர்கள். அவர்கள் கல்வி கற்கப் புறப்பட்டது முப்பதாம் வயதில் என்று பலரும் எழுதுகிறார்கள். நாற்பதாம் வயதில் என்கிறார் வரலாற்றாசிரியர் யாகூத்.

முதல் பாடமாக ஒரு கிதாபின் தொடக்கத்தில் மூன்றே சொற்களை உஸ்தாது கற்றுக்கொடுத்தாராம். அவற்றை மாடியில் ஏறி இஷா முதல் பஜ்ரு வரை திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விடியற்காலையில் சற்றே கண்ணயர்ந்தார்கள். எழுந்து பார்த்தால் மூன்று சொற்களும் மறந்துபோயின! உஸ்தாதின் முகத்தில் எப்படி விழிப்பது என்று வெட்கி வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்மணி, 'இரவெல்லாம் இதையே சொல்லி எங்களைத் தூங்கவிடவில்லையே' என்று குறைபட்டுக்கொண்டு, அதே சொற்களை ஒப்பித்தாள். அவள் வாயிலிருந்து பாடத்தை மீட்டுக்கொண்டு உஸ்தாதிடம் போனார்கள். அவர் சிரிக்கவில்லை. இதற்காகப் பின்வாங்க வேண்டாம், விடாமல் ஓதினால் மனனம் பழகிவிடும் என்று தைரியம் சொன்னார்.

அந்த மாணவர் ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவரானார்கள். ஹிஜ்ரி 417இல் வஃபாத்தானார்கள். அவர்களுடைய மாணவர் அபூமுஹம்மது அல்-ஜுவைனி. அவருடைய மகனார் இமாமுல் ஹரமைன். அவர்களிடம் ஓதியவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்! அந்த உஸ்தாதும் என்னைப்போல் சிரித்து அனுப்பியிருந்தால் இந்தச் சங்கிலி அன்றே அறுந்திருக்கும்.

நம் காலத்திலும் சான்று உண்டு. இலங்கை பாணந்துறையைச் சேர்ந்த டாக்டர் ம.மு. உவைஸ் அவர்கள் பிறந்தது 1922இல். தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டைப் பற்றி எம்.ஏ. பட்டத்துக்கு அவர்கள் எழுதிய ஆய்வு 1953இல் நூலாக வந்தது. டாக்டர் பட்டம் பெற்றதோ ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. அதன்பின் 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைந்த இருக்கையில் பேராசிரியராக அமர்ந்தார்கள். பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்கள். அந்தச் சகோதரி படிக்க விரும்பியதும் இதே துறைதான். நான் சிரித்தது எதைப் பார்த்து என்பதை எண்ணி வெட்கினேன்.

மூன்று நிபந்தனைகள்

வயதான பிறகு மேற்படிப்புக்குப் போகிறவர்கள் மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நிய்யத்து. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளவும், சம்பந்தி வீட்டாரிடம் பெருமை பேசவும் படிப்பதானால், அந்தப் பாடுபடாமல் இருப்பதே மேல். நமது முன்னோரின் கிதாபுகளை மீட்கவும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும், ஹலாலான சம்பாத்தியத்துக்கும் என்று நிய்யத்துச் செய்தால் பஸ்ஸில் போகும் நேரமும் நன்மையாகும். 'தொட்டில் முதல் கப்று வரை கல்வி தேடுங்கள்' என்பதை ஹதீஸ் என்று மேடைகளில் சொல்கிறோம். அதற்கு ஸனது கிடையாது. கருத்து நல்லதுதான், ஆனால் நாயகத்தின் பெயரில் சொல்லாதீர்கள். கல்வியின் சிறப்புக்கு உண்மையான ஹதீஸ்களே போதும்.

இரண்டாவது, ஹக்கு. இறைவனுக்கும், தன் உடலுக்கும், குடும்பத்துக்கும் உரிய ஹக்கை அவரவர்க்குக் கொடுக்கும்படி ஹஜ்ரத் ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு உபதேசித்ததை நாயகம் (ஸல்) அவர்கள் சரியென்று ஏற்றார்கள். ஆகவே கணவனும் மனைவியும் மஷூரா செய்து, வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நகையை வட்டிக்கு வைத்துப் படிக்கக் கூடாது. பெண்கள் வெளியூர் போவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சின்னாளபட்டி அருகே உள்ள காந்திகிராமப் பல்கலைக்கழகம் டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மதுரைகூட உலமாக்கள் கணக்கிடும் 77 கிலோமீட்டர் சஃபர் தூரத்தை எட்டாது.

மூன்றாவது, அதபு. தன் மகன் வயதுள்ள ஆசிரியர் முன் உட்கார நேரலாம். மூஸா (அலை) அவர்கள் பெரும் நபியாயிருந்தும் ஹிள்ரு (அலை) அவர்களைத் தேடிப் பயணம் போய், கற்றுத்தரும்படி பணிவோடு கேட்ட வரலாறு கஹ்ஃபு சூராவில் இருக்கிறது. பத்ரு வீரர்களான பெரியவர்கள் கூடிய சபையில் இளைஞர் இப்னு அப்பாஸை (ரலி) உட்காரவைத்து அவர் விளக்கத்தைக் கேட்டார்கள் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள். இளையவரிடம் கற்பது இழிவானால் அவர்கள் அப்படிச் செய்திருப்பார்களா?

துன்யாவின் சட்டமும் இதில் இளக்கம் காட்டுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பி.எச்டி. படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. வேலை பார்ப்பவர்கள் பகுதிநேரமாகவும் படிக்கலாம். அப்படியிருக்க, வாசலில் நின்று தடுப்பது நம்முடைய சிரிப்புதான்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளே அந்தச் சகோதரரிடம் போயிருக்க வேண்டும். ஆலிம் என்ற கௌரவம் தடுத்தது. நாளை, நாளை என்று இருபது நாள் ஓடிவிட்டது. ஒருவழியாகக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர், "பரவாயில்லை ஹஜ்ரத். நீங்க சொன்னீங்கன்னதும் அன்னைக்கே அவ புஸ்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்மேலே போட்டுட்டா. மனு கொடுக்கிற தேதியும் போன வாரத்தோடு முடிஞ்சிருச்சு" என்றார். என் ஒரு சிரிப்பு ஒரு சகோதரியின் ஓராண்டைத் தின்றுவிட்டது. அதை நான் எந்த தௌபாவால் திருப்பிக் கொடுப்பேன்?

"மன்னிப்பை எங்கிட்டே கேட்டா போதாது ஹஜ்ரத், சிரிச்ச இடத்திலே சொல்லுங்க" என்றார் அவர். அது நியாயம். அடுத்த அஸருக்குப் பின் அதே ஹவுளுக்குப் பக்கத்தில், அன்று சிரித்தவர்கள் முன்னிலையில் என் பிழையைச் சொன்னேன். இந்த ஆண்டு அந்தச் சகோதரி மனுச் செய்திருக்கிறார்.

ஆகவே சகோதரர்களே! உங்கள் வீட்டில் மனைவியோ, அத்தாவோ, அக்காவோ படிக்க வேண்டும் என்று வாய் திறந்தால், மார்க்கத்தின் பெயரால் அந்த வாயை அடைத்துவிடாதீர்கள். உட்காரச் சொல்லிக் கேளுங்கள்.

கல்வியை அதிகப்படுத்தக் கேட்கும்படி தன் தூதருக்கே கற்றுக்கொடுத்த அல்லாஹ், நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், பிழையை ஒப்புக்கொள்ளும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.