வகுத்தலும் தீர்ப்பளித்தலும்

வகுத்தல் அறிவின் முதற்படி. பிரிக்கத் தெரியாதவனுக்கு நெல்லும் பதரும் ஒன்றே. உலகப் பொருள்களை உயர்திணை என்றும் அஃறிணை என்றும் பகுத்துக் காட்டிய தொல்காப்பியத்தைத் தம் முதல் இலக்கண நூலாகப் போற்றும் தமிழர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பிரித்தல் வேறு. பிரித்தபின் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுதல் வேறு. முன்னது அறிவின் வேலை; பின்னது அறத்தின் வேலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடும் மயக்கம் இன்று புதிய வடிவில் வந்து நிற்கிறது.

எழுத்தை வகைப்படுத்தும் பணியைக் கணினி இன்று மேற்கொண்டுள்ளது. வந்த மடல் வேண்டியதா வேண்டாததா, எழுதப்பட்ட கருத்து பாராட்டா பழிப்பா என்று அது நொடிப்பொழுதில் கூறிவிடுகிறது. இத்திறனை அதற்கு ஊட்டும் முறைக்கு இயந்திரவழிக் கற்றல் என்று பெயர். பெயரிலேயே ‘கற்றல்’ இருப்பதால், கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் இதனைக் கூர்ந்து நோக்குதல் கடமையாகும்.

ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆசிரியர் இத்தகைய கருவியொன்றை அமைக்க முனைவதாகக் கொள்வோம். மாணவர் தமக்குள் எழுதிக்கொள்ளும் குறுஞ்செய்திகளுள் பிறர் மனத்தைப் புண்படுத்துவன எவை எனக் கண்டறிவது அவர் நோக்கம். நோக்கம் நல்லது. அவர் 1,000 செய்திகளைத் திரட்டுகிறார். ஒவ்வொன்றையும் படித்து, ‘புண்படுத்துவது’, ‘புண்படுத்தாதது’ என்று தம் கையால் குறியிடுகிறார். அவற்றுள் 800 செய்திகளைக் கணினிக்குக் கொடுக்கிறார். எஞ்சிய 200 செய்திகளை மறைத்து வைக்கிறார். தேர்வு வினாவை முன்னரே காட்டிவிட்டால் தேர்ச்சிக்குப் பொருள் இல்லை அன்றோ?

கணினி செய்வது யாது? எளிய முறை ஒன்றில், அது செய்திகளைச் சொல் சொல்லாகப் பிரிக்கிறது. எந்தச் சொல் எந்தக் குவியலில் மிகுதியாக வருகிறது என்று எண்ணுகிறது. புதிய செய்தி வந்ததும், அதன் சொற்கள் பழைய குவியல்களில் பெற்றிருந்த நிறையையெல்லாம் சேர்த்துப் பார்த்து, எப்பக்கம் தாழ்கிறதோ அப்பக்கம் சேர்க்கிறது. இக்கணக்கின் வேர், ஆங்கிலேய சமயகுரு தாமஸ் பேயஸ் எழுதி, அவர் மறைந்தபின் 1763இல் வெளிவந்த கட்டுரையில் உள்ளது.

இம்முறையின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் புனைபெயரில் எழுதப்பெற்ற 85 கட்டுரைகளுள் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் இரு புள்ளியியல் அறிஞர்கள் 1964இல் வெளியிட்ட நூலில், பொருட்சிறப்பற்ற சின்னஞ்சிறு சொற்களை எண்ணியே, அவை மேடிசன் எழுதியவை என்பதற்கு வலுவான சான்று காட்டினர். எண்ணிக்கையும் பேசும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழிலும் இம்முயற்சி நடந்துள்ளது. தமிழ்த் திரைப்பட முன்னோட்டங்களின்கீழ் யூடியூப் தளத்தில் மக்கள் எழுதிய 15,744 கருத்துகளைத் திரட்டி, மனிதரைக் கொண்டு குறியிட்டு, ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர். தமிழும் ஆங்கிலமும் கலந்த எழுத்து அது. உடன்பாடு, எதிர்ப்பு, கலவை உணர்வு, உணர்வு அறிய இயலாதது என்பவற்றோடு, ‘தமிழன்று’ என்பதும் அங்கே ஒரு வகை. ஆய்வுக்கு அவ்வகை தேவைதான். ஆனால், எது தமிழ், எது தமிழன்று என்று குறியிடும் கை எவருடையது என்னும் வினா அங்கேயே பிறந்துவிடுகிறது.

ஜொகூர் மாணவனின் தமிழை எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் நாவில் ‘பாசார்’ உண்டு, ‘கம்போங்’ உண்டு, வாக்கியத்தின் இறுதியில் ‘லா’ உண்டு. ‘கெடாய்’ என்னும் மலாய்ச் சொல்லோ தமிழ்க் ‘கடை’யிலிருந்து கடல் கடந்து சென்றது. சொற்களை எண்ணும் பொறிக்கு இந்த உறவு தெரியாது. அதற்கு அவை இரு வேறு சொற்கள். ‘போடா’ என்பது தோழனிடம் அன்பு, மெலிந்தவனிடம் இழிவு. சொல் ஒன்றே, செயல் இரண்டு. சென்னையில் குறியிடப்பட்டதைக் கற்ற கருவி ஜொகூர் பாருவில் தவறினால், குற்றம் கருவியுடையதன்று. தான் கற்பிக்கப்பட்டதையே அது ஒப்பிக்கிறது.

இனித் தேர்வின் முடிவைக் காண்போம். மறைத்து வைத்த 200 செய்திகளுள் புண்படுத்துவன 10 மட்டுமே எனக் கொள்வோம். ஒரு கருவி எதையும் ஆராயாது, ‘எல்லாம் குற்றமற்றவை’ என்று கூறினாலும் 190 விடைகள் சரியாகிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து! மதிப்பெண் உயர்ந்து நிற்கிறது. துன்புற்ற பத்துப் பேரும் காப்பாற்றப்படவில்லை. மதிப்பெண்ணே கல்வியன்று என்பதை ஆசிரியர்க்கு இதைவிடத் தெளிவாக எது உணர்த்தும்?

தவறுகளும் இருவகைப்படும். குற்றமற்றவனைக் குற்றவாளி என்பது ஒன்று. குற்றவாளியை விட்டுவிடுவது மற்றொன்று. எல்லைக்கோட்டை இறுக்கினால் முதல் தவறு பெருகும். தளர்த்தினால் இரண்டாவது பெருகும். கோட்டை எங்கே இடுவது? இதற்குக் கணிதத்தில் மட்டும் விடை இல்லை. விளையாட்டாக எழுதிய சிறுவன் வகுப்பின் முன் தலைகுனிந்து நிற்பது கொடிதா, வசைக்கு ஆளான சிறுமி பள்ளிக்கு வர அஞ்சுவது கொடிதா? இதனை எடைபோடும் உள்ளம் மனிதனுக்கே உரியது.

சிலப்பதிகாரம் இவ்வுண்மையை என்றோ உணர்த்திவிட்டது. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே கோவலனுக்குக் கள்வன் என்னும் குறியை இட்டான். கோவலனிடம் இருந்த சிலம்போ அரசியின் சிலம்பை ஒத்திருந்தது. குறியும் ஒப்புமையும் சேர்ந்தன. பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராயாது ஆணையிட்டான். கண்ணகி சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். இதிலிருந்து தெறித்தவை மாணிக்கங்கள். புறத்தே ஒத்தவை அகத்தே வேறாயின. சில மணித்துளிகள் பொறுத்து ஆராய்ந்திருந்தால் மதுரை எரிந்திராது.

ஆனால் அந்த அரசனிடம் ஒரு பெருமை இருந்தது. தவறு தன்னுடையது என்று உணர்ந்த கணமே அவன் உயிர் துறந்தான். கருவிக்கு நாணம் இல்லை. ஆயிரம் பேரைத் தவறாகப் பிரித்தபின்னும் அது அடுத்த செய்திக்குக் காத்திருக்கும். தவறினால் வருந்த இயலாத ஒன்றிடம் தீர்ப்பை ஒப்படைப்பது, பொறுப்பையே உலகிலிருந்து அகற்றிவிடுவதாகும். ‘கணினி சொல்லிவிட்டது’ என்னும் சொல், ‘பொற்கொல்லன் சொல்லிவிட்டான்’ என்பதன் மறுவடிவமே.

அதனால் கருவியை விலக்க வேண்டும் என்பது பொருளன்று. குறியிடும் பணியை ஒருவரிடம் மட்டும் விடாது, பலர் தனித்தனியே செய்தல் வேண்டும். இரு ஆசிரியர் ஒரே செய்தியில் வேறுபட்டால், அவ்வேறுபாட்டை அழித்துவிடாது, அங்கே ஐயம் உண்டு என்று காத்தல் வேண்டும். ஜொகூர்ப் பிள்ளைகளின் பேச்சு, கற்பிக்கும் எழுத்தில் இடம்பெறல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி பிரித்துக் காட்டியதோடு நிற்க, ஆசிரியர் அந்த மாணவனை அழைத்து, அவன் சொல்வதைக் கேட்டபின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

முறம் புடைத்துத் தரும். எதை உலையில் இடுவது, எதை எறிவது என்று பார்ப்பது கண். முறம் எவ்வளவு சிறந்ததாயினும், கண்ணை மூடிக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை.