பெரும்பான்மையும் அறமும்

ஓர் ஆட்சிமுறை நல்லதா, தீயதா என்பதை எதைக் கொண்டு அறிவது? ஆள்பவர்களின் எண்ணிக்கையைக் கொண்டா, அவர்களுடைய நோக்கத்தைக் கொண்டா?

அரிஸ்டாட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலில் ஆட்சிமுறைகளை ஆறாக வகுத்தார். ஒருவர், சிலர், பலர் என ஆள்வோர் மூவகையினர். அவர்கள் பொதுநலத்தை நாடினால் அமைவன முடியாட்சி, சான்றோர் ஆட்சி, நெறிசார்ந்த குடியாட்சி. தன்னலத்தை நாடினால் இவையே கொடுங்கோலாட்சி, செல்வர் ஆட்சி, ஜனநாயகம் எனத் திரிகின்றன. ‘ஜனநாயகம்’ என்ற சொல்லை, ஏழைகள் தங்கள் நலனை மட்டுமே கருதும் ஆட்சிக்கு அவர் வழங்கியது நமக்கு வியப்பளிக்கலாம். ஆனால் ஏதென்ஸ் நகரின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

ஏதென்ஸில் குடிமக்கள் நேரடியாகச் சபையில் கூடி முடிவெடுத்தனர். ஐந்நூற்றுவர் குழுவின் உறுப்பினர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே குடியேறிய அயலாருக்கும் அச்சபையில் இடமில்லை.

கி.மு. 406-இல் அர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆயினும் மூழ்கிய கப்பல்களில் இருந்தவர்களைப் புயலின் காரணமாக மீட்க இயலவில்லை. கொதித்தெழுந்த மக்கள், தளபதிகள் அனைவரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க முனைந்தனர். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பதே முறை. அதை நினைவூட்டியவர்களைக் கூட்டத்தின் கூச்சல் அடக்கியது. கூட்டத்தை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ் மட்டும் இறுதிவரை இசையவில்லை. நகருக்குத் திரும்பியிருந்த ஆறு தளபதிகள் கொல்லப்பட்டனர். பின்னர் மக்கள் வருந்தினர். போன உயிர்கள் மீளவில்லை.

கி.மு. 404-இல் ‘முப்பதின்மர்’ ஆட்சியைக் கைப்பற்றினர். சலாமிஸில் இருந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்து வருமாறு சாக்ரடீஸுக்கும் வேறு நால்வருக்கும் ஆணையிட்டனர். மற்றவர்கள் சலாமிஸ் சென்றனர். சாக்ரடீஸ் தம் வீட்டிற்குச் சென்றார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருசேரச் சிந்திப்பது நலம். அநீதி ஒருமுறை பலரிடமிருந்து வந்தது. மறுமுறை சிலரிடமிருந்து வந்தது. இரண்டிற்கும் அவர் அளித்த பதில் ஒன்றே. ஆணையிடுவோரின் எண்ணிக்கை மாறுவதால் அநீதி நீதியாகிவிடாது.

இக்கால ஜனநாயகம் இப்பாடத்தைத் தன் அமைப்பிலேயே ஏற்றிருக்கிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டம், ஏதென்ஸ் விலக்கி வைத்த பெண்களையும் உள்ளடக்கி, வயது வந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அதே வேளையில், பெரும்பான்மை எளிதில் பறிக்க இயலாத அடிப்படை உரிமைகளையும் வகுத்தது. நாடாளுமன்றமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற இயலாது என உச்சநீதிமன்றம் 1973-இல் தீர்ப்பளித்தது.

எனினும் சட்டம் தானாக நடப்பதில்லை. தனித்தனி விசாரணை என்னும் முறை ஏதென்ஸிலும் இருந்தது. அதைக் காக்க முன்வந்தவர்கள்தாம் போதவில்லை. கூட்டத்தின் சினம் நம்மையும் பற்றிக்கொள்ளும் வேளைகள் உண்டு. அவ்வேளையில், குற்றம் சாட்டப்பட்டவனின் தரப்பையும் கேட்க வேண்டும் என்று சொல்லும் துணிவு வாக்குரிமையைப் போன்றே குடிமகனின் கடமையாகும். அத்துணிவை எந்த அரசும் நமக்கு வழங்க இயலாது. அதை நாமே நம்முள் வளர்த்துக்கொள்ள வேண்டும்.