பாதையின் மகன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகுக!

சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்வதற்கு நாணமாகவே இருக்கிறது. ஆயினும் மறைப்பதில் பயன் இல்லை.

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் வாலிபர், முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு தனியே நாடு சுற்றப் புறப்பட்டிருந்தார். தாய்லாந்தைப் பார்த்துவிட்டு, ஹட்யாயிலிருந்து ரயிலில் பாடாங் பெசார் எல்லைக்கு வந்தார். அவருடைய கைக்கடிகாரம் தாய்லாந்து நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. நம் நாட்டு நேரமோ அதற்கு ஒரு மணி முந்தியது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாக நின்றவர் ஈப்போ ரயிலைத் தவறவிட்டார். அடுத்த ரயிலில் வந்து இறங்கும்போது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. சொல்லி வைத்திருந்த விடுதியில் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கைப்பேசியும் உயிரற்றுக் கிடந்தது. பள்ளிவாசல் இருக்கப் பயம் ஏன் என்று, வழி கேட்டுக் கேட்டு நம் பள்ளியைத் தேடி வந்தார்.

பள்ளியின் கேட் பூட்டியிருந்தது! உண்டியல் ஒருமுறை களவு போனதிலிருந்து இஷாவுக்குப் பின் பூட்டிவிடுவது வழக்கம். அப்படிப் பூட்டச் சொன்னவர்களுள் நாமும் ஒருவர்.

படிக்கட்டில் அமர்ந்திருந்த அவரை, காவல் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு முதியவர் கண்டார். அவர் ஓர் இந்துப் பெரியவர். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு லயங்களும் இடிக்கப்பட்டன. இப்போது ஈப்போவில் ஓர் அடுக்கு வீட்டில் குடியிருக்கிறார். வாலிபரை அழைத்துச் சென்று, ரொட்டியும் தேத்தண்ணீரும் கொடுத்து, பாய் விரித்துப் படுக்க வைத்தார். விடியுமுன் எழுப்பி, சுபுஹுத் தொழுகைக்குத் தாமே வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

செய்தி கேட்டு நாம் தலைகுனிந்து நன்றி சொன்னோம். அப்பெரியவர் சொன்ன பதில் இது: "இதுல என்ன இருக்கு பாய்? எங்கப்பா நாகப்பட்டணத்துல கப்பலேறி, ஒரு தகரப் பெட்டியோட இங்க வந்து இறங்கினவரு. அன்னிக்கு யாரோ ஒருத்தர் சோறு போட்டாங்க. இந்தத் தம்பியப் பார்த்ததும் அந்த ஞாபகம்தான் வந்துச்சு."

சகோதரர்களே! அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது. நாம் மிம்பரில் படிப்பதை அவர் வாழ்ந்து காட்டிவிட்டார்.

திருமறையின் 9-வது அத்தியாயம் 60-வது வசனத்தில், ஜகாத்தைப் பெறத்தக்கவர்கள் எட்டு வகுப்பார் என்று அல்லாஹ் வகுத்திருக்கின்றான். அவர்களுள் ஒருவன் 'இப்னுஸ் ஸபீல்'. அதன் நேர்ப்பொருள் பாதையின் மகன் என்பது. பெற்றோரும் உற்றாரும் அருகில் இல்லாதவனுக்குப் பாதைதானே தாயும் தகப்பனும்? அவன் தன் ஊரில் செல்வந்தனாக இருக்கலாம். ஆகுமான பிரயாணத்தில் வந்து, வழியில் கைப்பொருளின்றித் தவித்தால், அவனுக்கும் ஜகாத்தில் பங்குண்டு என்று மார்க்க மேதைகள் விளக்கியிருக்கின்றனர். 2-வது அத்தியாயம் 177-வது வசனமும் நன்மை இன்னதென்று விவரிக்குமிடத்தில் வழிப்போக்கனுக்குக் கொடுப்பதை அதில் சேர்த்திருக்கிறது. ஆகவே முசாபருக்கு நாம் செய்வது அவனுடைய ஹக்கு. நம் தயவு அன்று.

பிரயாணம் வேதனையின் ஒரு துண்டு என்றும், அது மனிதனின் ஊணையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். அதனாலன்றோ நான்கு ரக்அத்துத் தொழுகை முசாபருக்கு இரண்டாகச் சுருங்கியது? ரமலான் நோன்பையும் பின்னர் நோற்றுக்கொள்ள அனுமதி கிடைத்தது? படைத்தவனே அவனுக்குச் சலுகை காட்டும்போது, பூட்டுப் போட நாம் யார்?

சரித்திரத்தைச் சற்றுப் பாருங்கள். 1325-ல் தாஞ்சியர் நகரிலிருந்து, 21 வயதில், துணையின்றிப் புறப்பட்டார் இப்னு பதூதா. தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லித் தழுவிக்கொண்டனர். தமக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லையே என்று அவர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒரு ஹாஜி நெருங்கி வந்து ஸலாம் உரைத்து, ஆறுதல் கூறி நண்பரானார். பின்னாளில் இலங்கையையும் மதுரையையும் கண்டு திரும்புகையில், மலபார்க் கடலில் கொள்ளைக்காரர்கள் அவருடைய உடைமை அனைத்தையும் பறித்துக்கொண்டனர். கால்சட்டை ஒன்றே மிஞ்சியது. அந்தக் கோலத்தில் அவர் கள்ளிக்கோட்டையில் ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். ஒரு மார்க்க அறிஞர் அங்கி அனுப்பினார். காஜியார் தலைப்பாகை அனுப்பினார். ஒரு வணிகர் இன்னோர் அங்கி அனுப்பினார். அன்று அப்பள்ளி பூட்டியிருந்தால்?

ஏன், நம் நாயகம் (ஸல்) அவர்கள் 622-ல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்றபோது, பாலைவனத்தில் வழிகாட்டிச் சென்ற அப்துல்லாஹ் பின் உரைகித் முஸ்லிம் அல்லர். தலைக்குப் பெரும் விலை வைக்கப்பட்டிருந்த வேளையிலும் அவர் நம்பிக்கைத் துரோகம் செய்யவில்லை. பாதையில் கிடைக்கும் நட்பு எந்த வாசலிலிருந்தும் வரலாம்.

நம் கதைதான் என்ன? 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நம்மில் எத்தனை பேர்! பினாங்கில் இறங்கி, ரயிலேறி, ஈப்போவில் யாரோ ஓர் ஊர்க்காரரின் கடைத் திண்ணையில் முதல் இரவைக் கழித்தவர்கள் அவர்கள். ஈப்போத் திடலருகே 1908-ல் ஷேக் ஆதம் அவர்கள் கட்டிய இந்திய முஸ்லிம் பள்ளிவாசலைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பயணிக்கு ஸலாம் சொல்லும் இடம் எவ்வளவு அவசியம் என்று நினைக்கிறோம். 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, தோட்டங்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் பலர் மூட்டை கட்டிக் கப்பலேறினர். ஒரு காகிதம் இல்லையென்றால் சொந்த ஊரிலும் மனிதன் அந்நியனாகிவிடுகிறான். இதை மறக்கலாகாது.

இனி, பை சுமந்து புறப்படும் நம் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. போங்கள், பூமியில் சுற்றிப் பார்க்கும்படி திருமறையே தூண்டுகிறது. மனிதரைப் பல இனங்களாக ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும் அது இயம்புகிறது. ஆனால் எல்லைச் சாவடியில் வரிசை நீளும். அதிகாரி முகம் சுளிப்பார். படிவம் ஒன்று குறையும். 2025 மே முதல் தாய்லாந்து செல்வோர் வருகைச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். இத்தகைய விஷயங்களை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அனுமதித்த நாளுக்கு மேல் ஒரு நாளும் தங்காதீர்கள். அது வாக்கை மீறுவதாகும். மூவர் சேர்ந்து சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுங்கள், அது சுன்னத்து. விருந்து மூன்று நாள் என்பதையும், உபசரிப்பவருக்குச் சிரமம் உண்டாகும்வரை தங்கலாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவனை நல்லவன் என்று சாட்சி சொன்னவரிடம், அவனோடு நீர் பிரயாணம் செய்ததுண்டா என்று உமர் (ரலி) அவர்கள் வினவினார்களாம். 'ஸஃபர்' என்னும் சொல்லுக்கே குணத்தை வெளிப்படுத்துவது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விளக்கம் கூறியிருக்கிறார்கள். ரயிலைத் தவறவிட்ட வேளையில் வாயிலிருந்து வரும் சொல்லே நம் உண்மையான குணம்.

நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசினோம். "திருடன் வந்தால் யார் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. பலநாள் விவாதத்துக்குப் பின் ஒரு வழி பிறந்தது. தொழும் கூடத்தின் பூட்டு அப்படியே இருக்கும். கேட் அருகே ஓர் அழைப்பு மணியும், வெளிப்புறமாக ஓர் அறையும் இருக்கும். அறையில் பாய், தண்ணீர், கைப்பேசிக்கு மின்சாரம். வருபவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொள்வோம்; மூன்று இரவு தங்கலாம். மணியடித்தால் எழுந்து வருவதற்கு முறை வைத்து ஆட்கள் வேண்டும். முதல் வாரம் நாம் ஏற்றுக்கொண்டோம். மற்ற வாரங்களுக்கு உங்கள் பெயர்களை எதிர்பார்க்கிறோம்.

அந்த வாலிபர் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். சேர்ந்ததும் அந்தப் பெரியவருக்குத்தான் முதலில் தகவல் அனுப்பினார். நமக்கு ஸலாம் வந்தது மறுநாள். அதுவே முறை என்று ஒப்புக்கொண்டோம்.

உலகில் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இரு என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களின் உபதேசம். நாம் யாவரும் ஓர் எல்லையைக் கடக்க வேண்டியவர்களே. அன்று நம் கையில் பையும் இராது, பாஸ்போர்ட்டும் இராது. இங்கே எவனுக்கேனும் திறந்துவிட்ட கதவு அங்கே நமக்காகப் பேசக்கூடும்.

வல்ல அல்லாஹ் நம் குறையை மன்னித்து, வழியில் இருப்போர் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! அந்தப் பெரியவருக்கு நேர்வழியும் நலமும் நீண்ட ஆயுளும் அருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.